முகத்துவாரம் அடைபட்டால் பழவேற்காடு என்ன ஆகும்?

கேள்வி: போன மே மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் சென்றோம். வரைபடத்தில் சாலைக்கு இருபுறமும் பழவேற்காடு ஏரி நீலமாகத் தெரிகிறது. நேரில் பார்த்தால் வடபுறம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்த சேறு, அதன்மேல் உப்புப் பூத்திருந்தது. அதே வாரம் பழவேற்காடு ஊரில் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. கடலோடு சேர்ந்த ஏரி எப்படி வற்றும்? முகத்துவாரம் அடைந்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க முடியாதா?
— ஓர் ஆசிரியை, கும்மிடிப்பூண்டி

பதில்: கடலோடு சேர்ந்திருந்தாலும் வற்றும். அதுவும் பழவேற்காடு போன்ற ஏரி சீக்கிரமே வற்றும்.

முதலில் அதன் அளவைப் பாருங்கள். தெற்கு வடக்காகச் சுமார் 60 கி.மீ. நீளம். இந்திய உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடிதான் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல்மேடுதான் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. ராக்கெட் ஏவுதளம் நிற்பது அந்த மணல்மேட்டின் மேல். இத்தனை பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழமோ ஒரு மீட்டர் அளவுதான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தது போன்ற நிலை. பழவேற்காட்டுப் பக்கம் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தால் இது உடனே புரியும். வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றை இரு கையாலும் தடவித் தடவிப் போவார்கள். கையில் தட்டுப்படும் இறால் பறிக்குள் விழும். ஏரித் தரை கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால்தான் இப்படியொரு தொழில் அங்கே நடக்கிறது.

இனி ஒரு கணக்கு. கோடையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வைத்தாலும் 90 நாளில் அரை மீட்டருக்கு மேல் போய்விடும். மார்ச் முதல் மே வரை ஆறுகளிலும் தண்ணீர் வராது. அந்த இழப்பைக் கடல்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் நம் கடற்கரையில் ஏற்றவற்றம் மிகச் சிறியது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது; சென்னைப் பக்கம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவே. அந்தச் சிறிய உந்துதல் பழவேற்காடு ஊருக்கு அருகே உள்ள முகத்துவாரம் வழியாக நுழைந்து, முழங்கால் ஆழச் சேற்றுப் பரப்பில் வடக்கே போகப் போக ஓய்ந்துவிடுகிறது. நீங்கள் படகு ஓடப் பார்த்த இடம் கடல் மூச்சு நாள்தோறும் எட்டுகிற தென்கோடி. சேற்றைப் பார்த்த இடம் அது எட்டாத வடபகுதி.

வடக்கே கடலுக்கு வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ராயதொருவு, தூப்பிலிபாலெம் ஆகிய இடங்களில் முகத்துவாரங்கள் உண்டு. அவை மணல் தூர்ந்து பெரும்பாலும் பயனற்றுப் போயின. போதாததற்கு, நீங்கள் சென்ற அந்தச் சாலையே ஏரியின் குறுக்கே போட்ட கரை. அதன் அடியில் உள்ள சிறு பாலங்கள் வழியாகத்தான் தெற்குநீர் வடக்கே போயாக வேண்டும். ராக்கெட் தளத்துக்குச் சாலை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை நீளமான கரையில் நீர் போக விட்ட வழி மிகக் குறைவு. வடபகுதி வற்றுவதற்கு வெயிலோடு அந்தச் சாலைக்கும் பங்கு உண்டு.

உப்புப் பூத்ததற்குக் காரணமும் இதுவே. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் பெருகி வரும்போது அவை சேரும் இடங்களில் ஏரிநீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் நீர் போய் உப்பு மட்டும் தங்குவதால் வடக்கே கடலைவிட உப்புக் கூடிவிடுகிறது.

ஏரி இப்படி அமைந்தது சுமார் 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன். பனியுகம் முடிந்து உயர்ந்து வந்த கடல் தாழ்நிலத்துக்குள் ஏறியது. பிறகு அலைகள் மணலைக் குவித்து முன்னால் ஒரு மேடு கட்டின. பின்னால் சிக்கிய நீர் ஏரியானது. ஏரிப்படுகையில் சேற்றுக்கடியில் கிளிஞ்சல் அடுக்குகள் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காக அவற்றைத் தோண்டி எடுத்தார்கள்.

மேட்டைக் கட்டிய அதே மணல்தான் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வாடைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். சென்னைத் துறைமுகத்தின் சுவர் இந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வடக்கேயும் அரிப்பு நடக்கிறது. நகரும் மணல் முகத்துவாரத்தில் படியும். அதைத் திரும்பக் கடலுக்குள் தள்ளும் வலு ஏரிக்குள்ளிருந்து வரும் நீருக்கு மட்டுமே உண்டு. மழைக்கால வெள்ளம் அடைப்பை உடைத்துக்கொண்டு போகும்; கோடையில் அந்த வலு இல்லை, மணல் ஜெயிக்கும்.

அடைபட்டால் முதலில் அடிபடுவது இறால். நாம் சாப்பிடும் வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவையும் கடலில் முட்டையிட்டு ஏரியில் வளரும் மீன்தான். வழி மூடினால் அந்தப் பருவத்துக் குஞ்சு உள்ளே வராது. பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்றொரு முறை உண்டு. யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். சண்டையில்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ள அவர்களே கண்ட வழி. பங்கிட மீன் இருந்தால்தானே அந்த முறைக்கு வேலை? முகத்துவாரச் செய்தி வரும்போதெல்லாம் அதை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்புச் செய்தியாகவே நான் படிக்கிறேன்.

இனி நிரந்தரத் தீர்வு. தூர் வாருவது சில மாதங்கள் தாங்கும். தமிழ்நாடு அரசு பழவேற்காட்டு முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பும் பணியை எடுத்துக்கொண்டது. சுவர் முகத்துவாரத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும். அதே சமயம் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். அதை ஆண்டுதோறும் அளந்து மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிக்காவில் வேறு வழியில் போனார்கள். அங்கே பழைய முகத்துவாரம் வடக்கே வெகுதூரம் நகர்ந்து, கால்வாய் தூர்ந்து, ஏரி நன்னீராகிக் களை மண்டியது. 2000 செப்டம்பரில் சாதபடா பக்கம் மணல்மேட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். உப்பு திரும்பியது, மீனும் திரும்பியது. அழியும் நிலையில் உள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிக்கா நீக்கப்பட்டது. அந்த முகத்துவாரமும் இருந்த இடத்தில் நிற்கவில்லை, நகர்ந்தது. ஆனால் மகாநதியின் கிளைகள் சிலிக்காவுக்குத் தரும் நீர் பழவேற்காட்டுக்குக் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

என் முடிவு இதுதான். சுவர் கட்டட்டும். ஆனால் முகத்துவாரம் எவ்வளவு அகலமாக நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் வழியே தினமும் போய்வரும் நீரின் அளவு. ஏரி தூர்ந்து வற்றிக்கொண்டே இருந்தால் போய்வர நீர் இராது. சுவருக்கு நடுவிலும் மணல் சேரும். ஆகவே சாலையின் அடியில் அகலமான பாலங்கள் வேண்டும். ராயதொருவிலும் தூப்பிலிபாலெத்திலும் வழி திறக்க வேண்டும். ஆரணியாற்று நீரை மேலே பிச்சாட்டூர் அணையிலேயே முழுக்கத் தேக்கிவிடாமல் ஏரிக்கும் பங்கு விட வேண்டும். இரண்டு மாநிலங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் இதில் எதுவும் நடக்காது. ஏரியை ஆழமாக்கிவிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். பூநாரை இரை தேடுவது முழங்கால் நீரில்தான். ஆழமாக்கினால் அதற்கு இடமில்லை.

அடுத்த முறை டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ பிள்ளைகளை அதே சாலைக்குக் கூட்டிப் போங்கள். நீரும் பூநாரைகளும் இருக்கும், பக்கத்தில் நேலபட்டுவில் கூழைக்கடாக் கூடுகளையும் பார்க்கலாம். பழவேற்காட்டில் படகுச் சவாரி என்று யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். முகத்துவாரத்தில் வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடம் ஆபத்தானது. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு ஏரியைக் கரையில் நின்றே காட்டுங்கள்.