அழுத்தினால் வலிக்கும் நெஞ்சு

நெஞ்சு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய கையைத்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் சிலர் முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைப்பார்கள், அல்லது உள்ளங்கையை விரித்து அகலமாகத் தடவுவார்கள். இன்னும் சிலர் ஒற்றை விரலால் ஓரிடத்தைத் தொட்டு, "இங்கதான் டாக்டர், மூச்சை இழுத்தா சுருக்குனு குத்துது" என்பார்கள். முதல் வகையினரை மேற்கொண்டு பேசவிடாமல் ஈசிஜி எடுக்க அனுப்பிவிடுவேன். இரண்டாம் வகையினரில் கணிசமானவர்களுக்குக் கோளாறு இதயத்தில் இல்லை, விலா எலும்பின் முன் நுனியில் இருக்கும் குருத்தெலும்பில். ஆனாலும் அவர்களையும் பெரும்பாலும் ஈசிஜி எடுக்கத்தான் சொல்வேன்.

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள். மேலே உள்ள 7 ஜோடிகள் முன்பக்கம் மார்பெலும்போடு வந்து சேர்கின்றன. எலும்போடு எலும்பு நேராக ஒட்டுவதில்லை. நடுவில் வளைந்து கொடுக்கிற குருத்தெலும்பு இருக்கிறது. அது இருப்பதால்தான் மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்க முடிகிறது. அந்த இணைப்புகள் புண்பட்டு நோவதைத்தான் விலாக் குருத்தெலும்பு அழற்சி என்கிறோம். பெரும்பாலும் 2 முதல் 5 வரையுள்ள விலாக்களில் வரும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருவதுதான் வழக்கம். இடப்பக்கம் வந்துவிட்டால் வீடே அல்லோலப்படும்.

எதனால் வருகிறது? வாரக்கணக்கில் விடாத இருமல் ஒரு காரணம். நெடுநாள் கழித்து ஜிம்முக்குப் போய் முதல் நாளே கண்டபடி புஷ்-அப் எடுப்பது, காஸ் சிலிண்டரைத் தூக்கி நகர்த்துவது, கையைத் தலைக்கு மேல் நீட்டி ஒரு நாள் முழுக்கச் சுவருக்கு வெள்ளையடிப்பது, தோளில் ஒரே பக்கமாகப் பாரமான பை மாட்டுவது என்று பட்டியல் நீளும். வலி அன்றைக்கே வராமல் மறுநாளோ அதற்கு மறுநாளோ வருவதால் பலர் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. எவ்வளவு துருவிக் கேட்டாலும் காரணம் அகப்படாதவர்களும் நிறையப் பேர்.

வலியோடு ஓரிடம் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கியும் இருந்தால் அது சற்று வேறு வகை. ஜெர்மன் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்ஸே 1921-இல் விவரித்தது. பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 2-ஆவது அல்லது 3-ஆவது விலாவில் வரும். சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வீக்கம் என்றால் அது வேறு கட்டி இல்லை என்று மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

இனி அந்த ஈசிஜி விஷயம். அழுத்தினால் வலிக்கிறது, எனவே இதயம் இல்லை என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. அழுத்தும் இடத்தில் அதே வலி திரும்ப வருவது குருத்தெலும்புக் கோளாறுக்கு நல்ல சான்று. ஆனால் மாரடைப்போடு வருகிறவர்களிலும் சிலருக்கு நெஞ்சை அழுத்தினால் வலிக்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன? எனவே 35 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள் முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு ஈசிஜி நார்மல் என்று வந்ததும் எழுந்து போய்விடவும் கூடாது. இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். "இருங்கள், இன்னொரு தடவை எடுக்கலாம்" என்று மருத்துவர் சொன்னால் அது பில் ஏற்றுவதற்காக அல்ல.

நம் ஊரில் நெஞ்சு வலிக்கு ஒரு தயார் விளக்கம் இருக்கிறது: வாயுப் பிடிப்பு. உடனே ஓமத் தண்ணீர், பெருங்காயம், ஒரு சோடா. வெறும் வாயுவாக இருந்தால் நஷ்டமில்லை. மாரடைப்பாக இருந்தால், ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சை இறுக்கிப் பிசைவது போன்ற வலி, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். தானே பைக் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிற வீரம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகவும் மாரடைப்பு வரக்கூடும்.

இதயம் சரியாக இருக்கிறது, குருத்தெலும்புதான் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?" வேண்டியதில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் நார்மலாகவே வரும். இந்த நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் விரல்தான்.

குணமாகச் சில வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள் ஆகலாம். குருத்தெலும்புக்குத் தனி ரத்தக் குழாய்கள் இல்லாததால் அது மெதுவாகத்தான் ஆறும். போதாததற்கு அதற்கு ஓய்வும் கிடையாது. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது நம் யோக மரபின் கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையின் ஓடுகளுக்கும் அந்த எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். அத்தனை தடவையும் இந்த இணைப்பு அசைந்தாக வேண்டும்.

எனவே தேவையில்லாத அசைவையாவது குறைக்கலாம். பாரம் தூக்குவது, தள்ளுவது, புஷ்-அப் எல்லாவற்றையும் சில வாரங்கள் நிறுத்துங்கள். இருமல் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தோ, வறுத்த உப்பையோ தவிட்டையோ துணியில் முடிந்தோ 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மழுங்கியவர்கள் சூட்டை வேறு ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழிப்பவரிடம் போகாதீர்கள். நொந்திருக்கும் இடத்தை அமுக்கித் தேய்த்தால் இன்னும் நோகும்.

மாத்திரை என்றால் முதலில் பாரசிட்டமால்: 500 அல்லது 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் நோய் உள்ளவர்களும் தினமும் மது குடிப்பவர்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். மெடிக்கலில் கேட்டால் தரும் வலி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல் மேலே தடவலாம். இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் நன்றாகக் கேட்கும்தான். ஆனால் குடல் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. டெங்குவோ என்று சந்தேகப்படும் காய்ச்சலிலும் கூடாது. பல வாரங்களாகியும் அடங்காத வலிக்கு அந்த இடத்திலேயே ஊசி போடுவதுண்டு. அது அரிதாகத்தான் தேவைப்படும்.

இந்த வலியை நீடிக்க வைப்பதில் நோயாளியின் விரலுக்கே பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. வலி இருக்கிறதா என்று பார்க்கக் குளிக்கும்போது ஒரு அழுத்து, பஸ்ஸில் ஒரு அழுத்து, படுக்கும்போது ஒரு அழுத்து. நல்ல தோலையே இப்படி நாள் முழுக்க அழுத்தினால் நோகும். அழுத்தினால் வலி, வலித்தால் பயம், பயந்தால் மறுபடி அழுத்தம். பயத்தில் மூச்சும் மேலோட்டமாகிவிட, நெஞ்சுக்கூடு இன்னும் இறுகும். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், மற்ற நாட்களில் கையை எடுங்கள். ஒரு மருத்துவர் தீர விசாரித்துச் சொன்ன பிறகு அதே வலிக்காக மூன்று இடங்களில் எக்கோ எடுப்பதும் இதே அழுத்தலின் பெரிய வடிவம்தான்.

சில அடையாளங்கள் தெரிந்தால் மட்டும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். காய்ச்சல், அந்த இடம் சிவந்து சூடாவது, சளியில் ரத்தம், திடீர் மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் வீங்குவது. இளைஞர்களுக்குக் காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் இடுப்பு இறுகி, நடமாடினால் தளர்வது. விளையாடும்போது பிள்ளை மயங்கி விழுவது. நெஞ்சின் ஒரு பக்கம் பட்டையாக எரிந்து, சட்டை பட்டாலே கூசினால் அக்கியாக இருக்கலாம், சில நாளில் கொப்புளம் கிளம்பும். அக்கி எழுதப் போவது உங்கள் விருப்பம். ஆனால் வைரஸ் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

வலி பாதியாகக் குறைந்த பிறகு நெஞ்சைத் தளர்த்தும் பயிற்சி செய்யலாம். கதவு நிலையின் இரு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து, நெஞ்சு இழுபடும் வரை மெல்லச் சாயுங்கள். இழுக்க வேண்டும், குத்தக் கூடாது. 20 விநாடி இருந்து விலகுங்கள். மூன்று தடவை, காலையும் மாலையும். ஜிம் ஆட்கள் பழைய எடையில் பாதியில் தொடங்குங்கள், பெஞ்ச் பிரஸ்ஸைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.