சோதனைக்குரிய காலம்

எய்ட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி. கிருமியைப் புறக்குறி கொண்டு துணிதல் இயலாது. இரத்தச் சோதனையே காட்டும். நம் நாட்டில் அஃது இருத்தலும், 1986-ஆம் ஆண்டு சென்னையில் எடுத்த இரத்தத்தை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிற் சோதித்தபோதே முதலில் அறியப்பட்டது.

ஆயினும், தொற்றியதோ என ஐயுறுவோன் மறுநாளே சோதித்து, 'இல்லை' எனக் கேட்டு மகிழ்தல் தகாது. அச்சோதனை வீணன்று, கிருமி முன்பே இருந்ததோ என்பதைக் காட்டும். புதிதாய்ப் புகுந்ததை அது காட்டமாட்டாது. கிருமி பெருகுங்கால், முதலில் அதன் மரபுப்பொருளும், பின்னர்ப் பி-24 என்னும் புரதமும், இறுதியில் உடல் ஆக்கும் எதிர்ப்பொருளும் இரத்தத்தில் தோன்றும். ஆதலின், மரபுப்பொருளைத் தேடுஞ் சோதனை 10 முதல் 33 நாட்களிலும், இரத்தநாளத்தினின்று எடுத்த குருதியிற் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் ஒருங்கே தேடும் ஆய்வுக்கூடச் சோதனை 18 முதல் 45 நாட்களிலும், எதிர்ப்பொருளை மாத்திரம் தேடுவது 23 முதல் 90 நாட்களிலும் தொற்றைக் காட்டவல்லன. அந்தந்தக் காலம் நிறையுமுன் பெறும் 'இல்லை' முடிந்த விடையன்று. மீண்டுஞ் சோதித்தல் வேண்டும். தொடக்க வாரங்களிற் கிருமி இரத்தத்தில் மிக்கிருத்தலின், அக்காலத்தே பிறர்க்கு எளிதிற் பரவுமென்பதையும் மறவற்க.

வைத்தியரை நாடுதற்கோ நாள் பார்த்தலாகாது. 72 மணி நேரத்துள் தொடங்கி 28 நாள் உண்ணுந் தடுப்பு மருந்துண்டு. எவ்வளவு முந்துகின்றோமோ அவ்வளவு நன்று. அம்மருந்துண்டோர் மறுசோதனைக்குரிய நாளை வைத்தியர்பாற் கேட்டறிக. நாணத்தால் முதல் மூன்று நாளை இழப்பவன் அம்மருந்தின் பயனையும் இழப்பான்.