நீரிறைக்கும் இயந்திரம் இயங்காதபோது செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிற் சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை முதலிய பயிர்கள் கிணற்று நீரை நம்பியே செய்கை பண்ணப்படுகின்றன. முற்காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்திகளுக்கு நீரைத் திருப்பிவிட, மூவரின் உழைப்பால் இறைப்பு நடைபெற்றது. இன்று அவ்வேலையைச் சிறிய இயந்திரமொன்று செய்கின்றது. ஆனால், இறைப்பு முறை வந்த நாளில் அவ்வியந்திரம் இயங்க மறுப்பின், துலாவுமில்லை, ஆளுமில்லை என்ற நிலையே கமக்காரருக்கு ஏற்படுகின்றது. செம்மண் நீரை விரைவில் வடியவிடும் இயல்புடையது. வெங்காயம் குமிழ் பருக்கும் காலத்தில் ஓர் இறைப்புத் தவறினாலும் விளைச்சல் குறையும். சிறுபோகத்தில் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டு வயல்களில், கதிர் வெளிவரும் பருவத்தில் நீரின்றேல் நெல் பதராகும்.

இயந்திரம் இயங்காமைக்குரிய காரணங்களுட் பல மிகச் சிறியவை. பிளக் கழற்றும் சாவி, திருப்புளி, சுத்தமான துணி, சிறு கிண்ணம் ஆகியன இருப்பின் அவற்றைக் கமக்காரர் தாமே கண்டறிந்து திருத்திக்கொள்ளலாம். காரணத்தை ஆராயாது கயிற்றை மீண்டும் மீண்டும் இழுப்பதனால் உடல் களைப்பதோடு, எரிபொருள் உள்ளே தேங்கிக் குறை மேலும் பெருகும்.

இயந்திரத்துக்கு வேண்டிய மூன்று

இயந்திரம் இயங்குவதற்கு எரிபொருளும் காற்றும் அளவாகக் கலந்த கலவை, அதனைக் கொளுத்தும் தீப்பொறி, அக்கலவையை நெருக்கும் அமுக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் எது இல்லையென்பதை ஒழுங்காகத் தேடுதலே திருத்த வேலையின் முதற்படியாகும்.

1. வெளிப்பார்வையில் அறியத்தக்கவை

முதலில் ஆளி இயங்கும் நிலையில் உள்ளதா, தாங்கியில் எரிபொருள் உண்டா, அதன் அடைப்பான் திறந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். தாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் தூசியால் அடைபட்டால், காற்று உட்புகாது எரிபொருள் இறங்குதல் தடைப்படும். குளிர்ந்த இயந்திரத்துக்குச் சோக்கை மூடியும், சூடான இயந்திரத்துக்குத் திறந்தும் இழுத்தல் வேண்டும்.

அடுத்து ஒயில் அளவைப் பார்த்தல் வேண்டும். நான்கடிப்பு இயந்திரங்கள் பலவற்றில், ஒயில் குறைந்தால் தீப்பொறியைத் தானாகவே நிறுத்தும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. இயந்திரம் சரிந்த நிலத்தில் வைக்கப்பட்டிருந்தாலும் இக்கருவி ஒயில் இல்லையெனக் கருதி இயந்திரத்தை நிறுத்திவிடும். ஆதலால் இயந்திரத்தை மட்டமான தரையில் வைத்தே ஒயிலை அளத்தல் வேண்டும்.

2. எரிபொருள் வந்து சேர்கின்றதா?

சோக்கை மூடிச் சில தடவை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் முனை முற்றாக உலர்ந்திருப்பின் எரிபொருள் உள்ளே செல்லவில்லையென்பது தெளிவு. அப்போது காபரேற்றரின் அடியிலுள்ள வடி ஆணியைச் சிறிது தளர்த்திக் கிண்ணத்தில் எரிபொருளை ஏந்துதல் வேண்டும். எரிபொருள் வராவிடின் அடைப்பானோ வடிகட்டியோ அடைபட்டுள்ளது. அவற்றைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். எரிபொருள் தடையின்றி வந்தும் பிளக் உலர்ந்தே இருப்பின், காபரேற்றரின் நுண்துவாரம் அடைபட்டதாகக் கொள்ளலாம். அதனைக் காற்றினால் ஊதித் துப்புரவாக்கலாம். கம்பியினாற் குத்துதல் ஆகாது. துவாரம் சிறிதளவு பெருத்தாலும் கலவையின் அளவு கெட்டுவிடும்.

ஏந்திய எரிபொருளின் அடியிற் குமிழ்போல் உருண்டு நிற்பது தண்ணீராகும். அவ்வாறு காணப்படின் தாங்கியையும் வடித்துப் புதிய எரிபொருள் இடுதல் வேண்டும்.

3. மண்ணெண்ணெய் இயந்திரங்களின் தனிக் குறை

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் காலையில் இயங்காமைக்கு முதல் நாள் அவற்றை நிறுத்திய முறையே பெரும்பாலும் காரணமாகும். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. மண்ணெண்ணெயில் ஓடும்போதே இயந்திரத்தை நிறுத்தினால், காபரேற்றரில் அது தேங்கி நிற்கும். மறுநாட் பெற்றோலைத் திறந்தாலும், தேங்கிய மண்ணெண்ணெயே முதலிற் செல்லும்.

இதனை அறிய ஓர் எளிய வழியுண்டு. வடித்த எரிபொருளிற் சில துளிகளை உலர்ந்த கல்லின்மேல் விட்டால், பெற்றோல் விரைவில் மறைந்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையுடன் தங்கி நிற்கும். அவ்வாறு தங்கினால் காபரேற்றரை முற்றாக வடித்துப் பெற்றோல் நிரம்பவிட்டு இழுத்தல் வேண்டும். இனி இக்குறை நேராதிருக்க, இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதலும், நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிடுதலும் அவசியம்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் எரிபொருளைக் கலன்களிற் சேமித்து வைத்தனர். ஒரு மாதத்துக்கு மேல் வெப்பத்தில் வைத்த பெற்றோல், எளிதில் ஆவியாகும் பகுதியை இழந்துவிடும். அத்தகைய பெற்றோலினால் இயந்திரத்தைத் தொடங்குதல் கடினம்.

4. தீப்பொறி உண்டா?

கழற்றிய பிளக் எரிபொருளில் நனைந்திருப்பின் எரிபொருள் மிகையாகச் சென்றுள்ளது. அடைப்பானை மூடி, ஆளியை நிறுத்தி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு தடவை கயிற்றை இழுத்தால் தேங்கிய எரிபொருள் வெளியேறும். அவ்வேளை அருகில் நெருப்போ சுருட்டோ இருத்தல் ஆகாது.

பிளக்கிற் கரி படிந்திருப்பின் அதனைத் துடைத்து, இடைவெளியை இயந்திரக் கைநூலிற் குறித்த அளவுக்குச் சரிப்படுத்தல் வேண்டும். பல சிறு இயந்திரங்களில் இது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையாகும். பின்னர் சிந்திய எரிபொருளைத் துடைத்து, ஆவி கலையும்வரை பொறுத்திருந்து, ஆளியை இயங்கும் நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். பிளக்கைக் கம்பியிற் பொருத்தி, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தின் உடலைத் தொடும்படி, பிளக் துவாரத்துக்கு அப்பாலே இறப்பர்ப் பிடியுள்ள குறட்டினாற் பிடித்துக் கயிற்றை இழுத்தால், முனையில் நீலப் பொறி தோன்றும். நிழலில் நின்று பார்த்தால் அது நன்கு தெரியும். பொறி தோன்றாவிடிற் புதிய பிளக்கொன்றை இட்டுப் பார்த்தல் வேண்டும். அப்போதும் தோன்றாவிடின், கம்பியை எலி கடித்துள்ளதா, மழையில் நனைந்துள்ளதா என ஆராய்ந்து, ஏனையவற்றைத் திருத்துநரிடம் ஒப்படைத்தல் நன்று.

5. அமுக்கம்

கயிற்றை மெல்ல இழுக்கும்போது ஓரிடத்திற் கைக்குத் தடை தோன்றுதல் வேண்டும். தடையேயின்றிக் கயிறு இலகுவாக வந்தால், பிளக் தளர்ந்திருக்கலாம். அன்றேல் வால்வு ஒட்டியோ பிஸ்ரன் வளையம் தேய்ந்தோ இருக்கலாம். பிளக்கை இறுக்கியும் பயனில்லையெனில் அது திருத்துநரின் வேலையாகும். இதற்கு மாறாகக் கயிறு சற்றும் அசையாவிடின், பம்பியினுட் கல் அல்லது மணல் சிக்கியிருத்தல் கூடும். பலாத்காரமாக இழுக்காது பம்பியின் மூடியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

சாதாரண நிலையில் பம்பி சுமார் 7 மீற்றர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்ச வல்லது. கோடையில் நீர்மட்டம் இதற்குக் கீழே இறங்கும்போது, சிலர் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குகின்றனர். இது ஒருபோதும் செய்யத்தகாதது. இயந்திரப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. அது கிணற்றினுள் நிறைந்துவிட்டால், இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்கி இறக்க நேரிடும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அவ்வாறே மடிவர். இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் வாயு உள்ளே தங்கியிருக்கும். ஒருவர் மயங்கிக் கிடப்பின், பின்னால் எவரும் இறங்காது, உடனே உதவிப் படையினரை அழைத்தல் வேண்டும். ஆழ்ந்த கிணறுகளுக்கு, தகுதியுள்ளவராற் பொருத்தப்பட்ட, நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பியே ஏற்றது.

எரிபொருளையும் கழிவு ஒயிலையும் கிணற்றோரத்திற் சிந்துதல் கூடாது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லிலுள்ள வெடிப்புகளின் வழியே அவை நிலத்தடி நீரைச் சென்றடையும். தோட்டக் கிணற்றின் நீரும் குடிநீர்க் கிணற்றின் நீரும் ஒரே ஊற்றைச் சார்ந்தவை.

முன்னேற்பாடு

மேலதிகப் பிளக்கொன்றை எப்பொழுதும் கைவசம் வைத்திருத்தல், எரிபொருளைத் துணியால் வடித்து ஊற்றுதல், கைநூலிற் குறித்த மணிக்கணக்கின்படி ஒயில் மாற்றுதல், இறைப்பு இல்லாத மாரியிற் காபரேற்றரை வடித்து இயந்திரத்தை ஈரமற்ற இடத்தில் வைத்தல் ஆகியன சிறு செலவில் முடிபவை. இறைப்பு முறைக்கு முதல் நாள் மாலையில் ஒரு தடவை இயக்கிப் பார்த்தால், குறை இருப்பினும் அதனைத் திருத்த ஓர் இரவு கிடைக்கும். பயிர் வாடிய பின் திருத்திய இயந்திரத்தினாற் பயன் சிறிதேயாம்.