டொலிடோ சங்கங்களும் விசிகோத்திய மன்னரும்

கி.பி. 633 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஸ்பெயின் நாட்டு டொலிடோ நகரில் அறுபதுக்கு மேற்பட்ட ஆயர்கள் சங்கமாகக் கூடியிருந்தனர். அவர்கள் முன் மன்னன் சிசெனாந்து தரையில் வீழ்ந்து, கண்ணீர் மல்கத் தனக்காக இறைவனை வேண்டுமாறு இறைஞ்சினான். இதனைப் படிப்போர், அந்நாளில் திருச்சபையே மன்னனை ஆட்டிவைத்தது என முடிவு கட்டிவிடுவர். அது முழு உண்மையன்று.

விசிகோத்தியரிடையே தந்தைக்குப்பின் மைந்தன் அரசேறும் மரபு வேரூன்றவில்லை. சிசெனாந்தே 631 இல் பிராங்கியர் படைத்துணை கொண்டு சுவிந்திலா மன்னனை வீழ்த்தி முடி கவர்ந்தவன். கவர்ந்த முடியைப் பிறர் கவராமல் காப்பது எங்ஙனம்? செவில் நகர இசிடோர் தலைமை தாங்கிய அச்சங்கம் அதற்கு வழி கண்டது. மன்னனுக்குச் செய்த விசுவாசப் பிரமாணத்தை மீறுவோர் சாபத்திற்குரியர் என அதன் 75 ஆம் விதி முழங்கியது. மன்னன் மறைந்தபின் பெருமக்களும் ஆயர்களும் கூடியே அடுத்தவனைத் தேர்தல் வேண்டும் எனவும் வகுத்தது. பிரமாணத்தை மீறி அரசேறியவனுக்கே அதன் முதற்பயன் கிட்டியது!

மன்னன் பெற்றது இது. ஆயர்கள் பெற்றது யாது? சங்கத்தைக் கூட்டுபவன் மன்னன்; ஆராய வேண்டியவற்றை எழுதித் தருபவனும் அவனே. ஆனால், சங்கத்தின் விதிகளை அவன் சட்டத்தால் உறுதிப்படுத்திவிட்டால், அவற்றை மீறுவோர்க்குச் சொத்துப் பறிமுதலும் நாடுகடத்தலும் காத்திருந்தன. ரெக்காரெது மன்னன் ஏரியஸ் என்பாரின் கொள்கையைக் கைவிட்டுக் கத்தோலிக்க நெறி தழுவியதை அறிவித்த 589 ஆம் ஆண்டுச் சங்கத்திலேயே இம்முறை தொடங்கிவிட்டது.

653 இல் கூடிய எட்டாம் சங்கம் தனிச்சிறப்புடையது. துரோகிகளை மன்னிப்பதில்லை என முன்பு செய்த பிரமாணத்தைத் தளர்த்தித் தருமாறு ரெக்கெஸ்வின்து மன்னன் வேண்டினான். சங்கம் இரக்கத்திற்கு இடமளித்தது. அதே வேளையில், அரசனாயிருந்து சேர்த்த செல்வம் அரியணைக்கே உரியது, பிள்ளைகட்கன்று என்றும் அவனிடமே கூறிற்று. அரண்மனைப் பெருமக்களும் அதில் கையொப்பமிட்டனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த பன்னிரு பகுதிச் சட்டநூல் கோத்தியர், உரோமர் ஆகிய இருவர்க்கும் ஒரே சட்டம் விதித்தது. மன்னனும் சட்டத்திற்கு அடங்கியவனே என்பது அதிலுள்ள ஒரு சட்டம். ஏழாம் நூற்றாண்டில் இச்சொல் எழுந்தது எனக்குப் பெருவியப்பே.

எனினும் இவ்விரு கைகளுக்கிடையே நசுங்கியோரும் உண்டு. யூதரை வலிந்து மதம் மாற்றலாகாது என்ற 633 ஆம் ஆண்டுச் சங்கமே, முன்னர் வலிந்து மாற்றப்பட்டோர் திரும்பலாகாது என்றது. 694 இல் எகிகா மன்னன் வேண்டப் பதினேழாம் சங்கம் யூதரை அடிமைகளாக்கி, ஏழு வயது எய்திய அவர்தம் குழந்தைகளைப் பிரித்தது. முடியும் சங்கமும் ஒன்றுபட்டபோது அவர்கள் முறையிட வேறிடமில்லை.

பிரமாணமும் நிலைக்கவில்லை. 680 இல் நோயுற்ற வாம்பா மன்னனுக்குத் துறவியர் போல் தலைமயிர் மழிக்கப்பட்டதால் அவன் ஆளும் தகுதி இழந்தான். மறு ஆண்டே பன்னிரண்டாம் சங்கம் மக்களை அவனுக்குச் செய்த பிரமாணத்தினின்று விடுவித்து, எர்விக்கை மன்னனாக ஏற்றது. 711 இல் அவ்வரசு முஸ்லிம் படைகளிடம் வீழ்ந்தது. சட்டநூல் மட்டும் பிழைத்தது. 1241 இல் மூன்றாம் பெர்னாந்து மன்னன் அதனையே காஸ்டிலிய மொழியில் பெயர்த்துக் கோர்டோபா நகருக்கு வழங்கப் பணித்தான்.