கையூன்றியதற்கே முறிவா?

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிலக்கு நின்று மூன்று வருடம். வாசல் தெளிக்கும்போது வழுக்கிக் கையூன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. இவ்வளவு லேசாகவா எலும்பு உடையும்?

பதில்: உடையும் சகோதரி, அலட்சியம் வேண்டாம். பழைய எலும்பு கரைவதும் புதிது வளர்வதும் உடம்பில் ஓயாத வேலை. கரைவதை அடக்கி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். மாதவிலக்கு நின்று அது குறைந்ததும் முதல் சில வருடங்களில்தான் தேய்மானம் வேகம். சினைப்பைகளை இளம் வயதிலேயே எடுத்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கட்டுப் பிரித்ததோடு விட்டுவிடாமல் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அதற்கு மருந்து உண்டு. சாப்பாட்டில் கால்சியத்துக்குக் கேழ்வரகுக் களி நல்லதுதான். ஆனால் வைட்டமின் டி குறைந்திருந்தால் அதிலுள்ள கால்சியம் சரியாகச் சேராது. ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள்.