இளம் களப்பணியாளருக்கு: ஆலிவ் மாரிஸை முன்வைத்து

ஆலிவ் மாரிஸ் 1952-இல் ஜமைக்காவில் பிறந்தார். ஒன்பது வயதில் பெற்றோர் இருந்த லண்டனுக்கு வந்தார். 1979 ஜூலை 12 அன்று, 27 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவர் நூல் எதுவும் எழுதவில்லை, தேர்தல் எதிலும் நிற்கவில்லை. ஆனாலும் பிரிட்டனின் கறுப்பினப் பெண்கள் இயக்கமும் ஆப்பிரிக்க விடுதலைக்கான ஆதரவுப் பணியும் எங்கே ஒன்றையொன்று தொட்டன என்று கேட்டால், அவருடைய பத்தாண்டு வேலையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. தொலைவில் நடக்கும் போராட்டத்துக்குத் தோள் கொடுக்க விரும்பும் இளையவர், தான் குடியிருக்கும் தெருவிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வாதம். அதற்கு ஆலிவ் மாரிஸைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

1969 நவம்பரில், தென் லண்டனின் பிரிக்ஸ்டனில், அட்லாண்டிக் சாலையில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கடையின் முன் நைஜீரியத் தூதரக அதிகாரி ஒருவர் தம் மெர்சிடிஸ் காரை நிறுத்தினார். கறுப்பர் ஒருவர் அப்படிப்பட்ட காரை ஓட்டினால் அது திருட்டுக் காராகத்தான் இருக்கும் என்பது போலீசின் கணக்கு. அவரை இழுத்து அடித்தார்கள். 17 வயது ஆலிவ் இடையில் புகுந்து தடுத்தார். அவரும் கைதானார், காவலில் அடிபட்டார். நைஜீரியா விடுதலை பெற்று அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சொந்தக் கொடியும் ஐக்கிய நாடுகள் சபையில் இருக்கையும் பெற்றுவிட்ட ஒரு நாட்டின் பிரதிநிதிக்கு லண்டன் தெருவில் கிடைத்த மரியாதை அது. ஆப்பிரிக்கப் பிரச்சினையா, பிரிக்ஸ்டன் பிரச்சினையா என்று பிரித்துப் பார்க்கும் சிக்கல் ஆலிவுக்கு ஒருபோதும் வரவில்லை. முதல் நாளிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

அதன்பின் அவர் பிரிட்டிஷ் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தில் சேர்ந்தார். அமெரிக்க இயக்கத்தின் பெயரை எடுத்துக்கொண்டாலும் இது வேறு அமைப்பு. 1968-இல் நைஜீரிய எழுத்தாளர் ஓபி எக்புனா தொடங்கியது. பிறகு டிரினிடாடிலிருந்து உயிர்வேதியியல் ஆய்வுக்காக வந்த அல்தியா ஜோன்ஸ்-லெகோயிண்ட் அதன் தலைமைக்கு வந்தார். இந்தியாவில் பிறந்த ஃபரூக் தோண்டியும் மாலா சென்னும் அதில் உறுப்பினர்கள். அந்தக் காலத்து பிரிட்டனில் 'கறுப்பு' என்பது தோலின் நிறத்தை மட்டும் குறிக்கவில்லை. காலனியாட்சிக்கு உட்பட்டிருந்த எல்லோரும் ஏற்றுக்கொண்ட அரசியல் அடையாளம் அது. 1958 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் சென்ற தமிழர் அ. சிவானந்தன், 1972-இல் இன உறவுகள் நிறுவனத்தை அதன் பழைய நிர்வாகத்திடமிருந்து மீட்டவர்களில் முதன்மையானவர். அந்த அடையாளத்துக்கு மிகத் தெளிவான விளக்கம் கொடுத்தவரும் அவரே. இந்த வரலாறு தமிழருக்கு அந்நியமானதல்ல என்பதற்கு அவர் பெயர் ஒன்றே போதும்.

சிறுத்தைகள் இயக்கம் 1970-களின் தொடக்கத்திலேயே கலைந்தது. அதிலிருந்து வந்த பெண்கள் சிலர் 1973-இல் பிரிக்ஸ்டன் கறுப்பினப் பெண்கள் குழுவை அமைத்தார்கள். ஆலிவ், லிஸ் ஓபி, பெவர்லி பிரையன் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். ஆண்கள் மேடையில் பேச, பெண்கள் துண்டறிக்கை அச்சடித்து, சனிக்கிழமைப் பள்ளி நடத்தி, நீதிமன்ற வாசலில் காத்திருந்து வந்த அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆலிவும் லிஸ் ஓபியும் ரெயில்டன் சாலை 121-ஆம் எண் வீட்டைக் கைப்பற்றினார்கள். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடு அது. வெளியேற்ற முயன்றபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வீட்டின் பின்சுவரில் ஆலிவ் ஏறும் ஒளிப்படம் பின்னாளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் குடிபுகுவோருக்கான கையேடு ஒன்றின் அட்டையில் வந்தது. அந்த இடத்தில் கறுப்பின மக்களுக்கான சாபர் புத்தகக் கடை நடந்தது. ஆப்பிரிக்க விடுதலை பற்றிய நூல்களும் துண்டறிக்கைகளும் ஓரிடத்தில் குவிய வேண்டுமென்றால் அதற்குக் கூரை வேண்டும், பூட்டுச் சாவி வேண்டும். சர்வதேசியம் பேசும் இளையவர்கள் பலர் இந்த இடப் பிரச்சினையை அற்பமானதாக நினைக்கிறார்கள். கூட்டம் நடத்த இடம் இல்லாத அமைப்பு எவ்வளவு நல்ல தீர்மானத்தை நிறைவேற்றினாலும் ஆறு மாதம் தாங்குவதில்லை.

அன்றைய வெள்ளையினப் பெண்ணிய இயக்கத்தோடு இக்குழுவுக்கு இருந்த உறவு எளிதானதல்ல. கருக்கலைப்பு உரிமை அந்த இயக்கத்தின் பெரிய கோரிக்கை. கறுப்பினப் பெண்களின் மருத்துவமனை அனுபவம் வேறு மாதிரி இருந்தது: பிள்ளை பெறாதே என்று அழுத்தம் கொடுத்தார்கள், டெப்போ-புரோவேரா என்னும் நீண்டகாலக் கருத்தடை ஊசியை விளைவுகளை முழுமையாகச் சொல்லாமலேயே போட்டார்கள். குடும்பம் பெண்ணைக் கட்டிப்போடும் அமைப்பு என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது, குடிவரவுச் சட்டம் கறுப்பர், ஆசியர் குடும்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. பிரிக்ஸ்டன் குழு பெண்ணியத்தைக் கைகழுவவில்லை. கருக்கலைக்கும் உரிமையோடு பிள்ளை பெறும் உரிமையையும் சேர்த்துக் கேட்டது. விடுதலை இயக்கக் கூட்டத்தில் 'பெண் பிரச்சினைக்கு இது நேரமல்ல' என்றும், பெண்கள் கூட்டத்தில் 'இனப் பிரச்சினை நம்மைப் பிரித்துவிடும்' என்றும் சொல்லக் கேட்பது இன்றும் புதிதல்ல. அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விடுவது பிழை. இரண்டு இடத்திலும் உட்கார்ந்து, இரண்டு இடத்திலும் கேள்வி கேட்க வேண்டும். களைப்பூட்டும் வேலைதான், வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

1975 முதல் 1978 வரை ஆலிவ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படித்தார். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் உயர்த்தப்பட்டதை எதிர்த்த போராட்டத்தில் பங்கெடுத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்தவர்களை நேரடியாகத் தாக்கிய உயர்வு அது. படிப்பு முடியும்வரை ஊர்வேலை வேண்டாம் என்று அவர் இருக்கவில்லை. மாஸ் சைடு பகுதியின் கறுப்பினப் பெண்கள் கூட்டுறவுக் குழுவிலும் பெற்றோர்கள் நடத்திய துணைப்பள்ளி முயற்சியிலும் சேர்ந்தார். மான்செஸ்டருக்கு ஆப்பிரிக்க விடுதலைப் பணியோடு பழைய தொடர்பு உண்டு. 1945 அக்டோபரில் ஐந்தாம் பான்-ஆப்பிரிக்க மாநாடு அங்கேதான் கூடியது. குவாமே நிக்ருமாவும் ஜோமோ கென்யாட்டாவும் வந்திருந்தார்கள். பெண்களின் நிலையை அந்த மேடையில் எழுப்பியவர்கள் ஏமி ஆஷ்வுட் கார்வியும் ஆல்மா லா பாடியும். மாநாட்டைப் பற்றிய நூல்களில் அவர்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறார்கள்.

ஆலிவ் 1978-இல் பிரிக்ஸ்டனுக்குத் திரும்பி அங்குள்ள மக்கள் சட்ட உதவி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு அவரும் ஸ்டெல்லா டாட்ஸியும் மற்றவர்களும் சேர்ந்து நாடளாவிய பெண்கள் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயர்ச் சுருக்கம் ஓவாட். அதன் வித்து, பிரிட்டனில் இருந்த ஆப்பிரிக்க மாணவர் சங்கப் பெண்களிடமிருந்து வந்தது. தத்தம் நாட்டு விடுதலைப் போராட்டங்களோடு தொடர்பு வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் போராட்டங்களில் பெண்ணின் இடம் என்ன என்ற கேள்வியை எழுப்பினார்கள். தொடக்கத்தில் அமைப்பின் பெயரில் ஆப்பிரிக்காவும் ஆப்பிரிக்க வம்சாவளியும் மட்டுமே இருந்தன. ஆசியப் பெண்களும் சேர்ந்தபோது பெயர் ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்கள் அமைப்பு என்று மாறியது.

1979 மார்ச்சில் பிரிக்ஸ்டனின் அபெங் மையத்தில் நடந்த ஓவாடின் முதல் மாநாட்டுக்கு 250-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான், திருமணத்துக்காக ஹீத்ரூ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஓர் இந்திய ஆசிரியைக்குக் குடிவரவு அதிகாரிகள் கன்னித்தன்மைச் சோதனை செய்த கொடுமை வெளியாகியிருந்தது. ஆசியப் பெண்களின் ஆவாஸ் குழுவும் ஓவாடும் சேர்ந்து விமான நிலையத்திலேயே மறியல் செய்தன. செய்தி வெளியானதும் அரசு அந்தச் சோதனையை நிறுத்த உத்தரவிட்டது. ஆப்பிரிக்கரும் ஆசியரும் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கைகள் சாதிக்காததை ஹீத்ரூவின் தரையில் சேர்ந்து உட்கார்ந்தது சாதித்தது.

ஆதரவுப் பணியின் கடினமான பகுதி வெற்றிக்குப் பின் வருகிறது. 1980-இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்றது. அதன் கொரில்லாப் படைகளில் பெண்கள் பெருமளவில் இருந்தார்கள். லண்டன் சுவரொட்டிகளில் துப்பாக்கியோடு நின்றதும் அவர்கள்தான். 1983-இல் அதே நாட்டின் புதிய அரசு, தெருவில் தனியாகச் சென்ற பெண்களைப் பாலியல் தொழிலாளிகள் என்று சந்தேகித்துப் பெரும் எண்ணிக்கையில் பிடித்து அடைத்தது. அதை எதிர்த்து அங்குள்ள பெண்களே அமைப்பாகத் திரண்டார்கள். வெளிநாட்டு ஆதரவாளர்களில் பலருக்கு அப்போது நாக்கு எழவில்லை. நேற்றுவரை கொண்டாடிய கட்சியைக் கண்டிப்பது துரோகம் என்று தோன்றியிருக்கலாம். ஒருவர் துணை நிற்பது கட்சிக்கா, மக்களுக்கா என்ற கேள்விக்கு முதல் நாளிலேயே விடை வைத்திருந்தால் இந்தத் தடுமாற்றம் நேராது.

ஓவாட் 1983-க்குள் கலைந்தது. ஆப்பிரிக்கர், ஆசியர் அனுபவ வேறுபாடு, பாலியல் நாட்டம் பற்றிய சண்டை, விடுதலைப் போராட்ட ஆதரவுக்கும் உள்ளூர் வேலைக்கும் எவ்வளவு நேரம் என்ற தீராத வாதம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலர்மேலேயே விழுந்த வேலைப்பளு ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு சரியல்ல. ஊருக்கு ஊர் பெண்கள் குழுக்கள் அதிலிருந்து முளைத்தன. பெவர்லி பிரையனும் ஸ்டெல்லா டாட்ஸியும் சுசான் ஸ்கேஃபும் 1985-இல் எழுதிய வரலாற்று நூலும் அந்த அனுபவத்திலிருந்தே வந்தது.

ஆலிவின் பெயரை 1986-இல் லாம்பெத் நகராட்சி தன் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குச் சூட்டியது. பூட்டிய வீட்டில் சுவரேறிப் புகுந்தவரின் பெயர் நகராட்சிக் கட்டடத்தில்! அந்தக் கட்டடமும் பிறகு இடிக்கப்பட்டது. நிலைத்திருப்பது காகிதங்கள்தான். அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தவர் லிஸ் ஓபி. 2008-இல் அவரும் கலைஞர் ஆனா லாரா லோபெஸ் தெ லா டொரேயும் தொடங்கிய நினைவுக் குழு, தோழிகளின் வாய்மொழியையும் பதிவுசெய்து லாம்பெத் ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. அது நடந்திராவிட்டால் ஆலிவ் பற்றிச் சொல்ல ஒரு கைது சம்பவம் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆகவே இளம் களப்பணியாளர்கள் தங்கள் துண்டறிக்கைகளில் ஆண்டோடு தேதி போட வேண்டும். ஒளிப்படத்தின் பின்பக்கம் நிற்பவர் பெயர்களை எழுத வேண்டும். கூட்டம் நடந்தபோது பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதையும் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.