படலையும் வளவும்: கோப்புறை அனுமதிகள் பற்றிய ஒரு பாடம்

சென்ற தவணையில் நமது கணினி அறையில் உயர்தர மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், 755, 644 என்று இந்த இலக்கங்களை ஏன் பாடமாக்க வேண்டும்? பரீட்சை முடிந்தபிறகு இது யாருக்கு உதவும்?"

நியாயமான கேள்விதான். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன். அது நான் விட்ட ஒரு பிழையின் கதை.

இங்கு வருவதற்கு முன்னர் நான் கிளிநொச்சி மாவட்டத்தின் தர்மபுரத்தில் கற்பித்தேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் உள்ள ஊர் அது. 2009 வரை நீடித்த யுத்தத்திலும் இடப்பெயர்விலும் வன்னியின் பல குடும்பங்கள் வீட்டோடு பத்திரங்களையும் படங்களையும் இழந்தன. அதனால் என் மாணவர்களுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய படங்களைக் கொண்டுவந்து கணினியில் ஏற்ற வேண்டும். படத்தில் இருப்பவர்கள் யார், எங்கே எடுத்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். படங்கள் அன்றன்றே வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆனால் மூத்தவர்கள் சொன்ன குறிப்புகள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தன. பிரதி எடுக்கவேண்டும் என்று நினைத்து நினைத்து நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அது உபுண்டு லினக்ஸ் நிறுவிய கணினி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பயனர் கணக்கில்தான் வேலை செய்தார்கள். ஒருநாள் ஒரு குழுவின் கோப்பை இன்னொரு குழு தவறுதலாக அழித்துவிட்டது. இனி யாரும் அழிக்க முடியாதபடி செயற்றிட்டக் கோப்புறையை வாசிக்க மட்டும் கூடியதாக மாற்றுவோம் என்று எண்ணினேன். முனையச் சாளரத்தைத் திறந்து, நிர்வாகி அதிகாரத்துடன், அனுமதியை மாற்றும் 'சிஎச்மொட்' கட்டளையை 644 என்ற இலக்கத்துடன் கொடுத்தேன். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்று சொல்லும் 'ஆர்' தெரிவையும் சேர்த்தேன். ஆனால் செயற்றிட்டக் கோப்புறையின் பெயரை எழுத மறந்து, அதற்கு ஒரு படி மேலே இருந்த பயனரின் முழு வீட்டு அடைவுக்கும் அந்தக் கட்டளையை அனுப்பிவிட்டேன்.

அடுத்த நிமிடம் ஒரு பிள்ளை கூப்பிட்டாள். "டீச்சர், ஃபைல்ஸ் திறக்குதில்லை. வந்த உடனேயே போகுது." நானும் அழுத்திப் பார்த்தேன். கோப்பு முகாமையாளர் ஒரு கணம் சுழன்றுவிட்டு மறைந்தது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் மறைந்தது.

அந்தப் பிள்ளையின் அம்மம்மா அந்த மாதந்தான் காலமாகியிருந்தார். அவர் சொன்ன குறிப்பும் உள்ளேதான் இருந்தது. "எல்லாம் போட்டுதா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள். பக்கத்து அறை ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பேசாமல் போர்மட் பண்ணிப் புதுசாப் போடுங்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதைக் கேட்டிருந்தால் உண்மையிலேயே எல்லாம் போயிருக்கும்.

இலக்கங்கள் சொல்வது என்ன?

யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை 1969 இல் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கத் தொடங்கினர். 1971 இல் வெளிவந்த அதன் முதல் கைந்நூலிலேயே சிஎச்மொட் கட்டளை இருக்கிறது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அதே முறையைப் பின்பற்றுகிறது.

ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் மூன்று தரப்பினர் உண்டு: உரிமையாளர், குழு, ஏனையோர். ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று அனுமதிகள்: வாசித்தல், எழுதுதல், இயக்குதல். வாசித்தலின் பெறுமதி 4, எழுதுதல் 2, இயக்குதல் 1. துவித எண் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 7 என்பது 111, மூன்று அனுமதியும் உண்டு. 6 என்பது 110, இயக்குதல் இல்லை. 5 என்பது 101, எழுதுதல் இல்லை. 4 என்பது 100, வாசித்தல் மட்டும். ஆகவே 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு, மற்ற இரு தரப்புக்கும் வாசிக்கவும் இயக்கவும் முடியும். 644 என்றால் உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் வாசிக்க மட்டும் முடியும்.

இதுவரை பரீட்சைக்குப் போதும். என்னைக் கவிழ்த்தது அடுத்த விடயம். கோப்புக்கு ஒரு பொருள் தரும் அனுமதி, கோப்புறைக்கு வேறு பொருள் தரும்.

கோப்புறையை ஒரு வளவு என்று நினையுங்கள். வாசித்தல் என்பது வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது: உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பெயர் தெரியும். இயக்குதல் என்பது படலையைத் திறந்து உள்ளே போவது. எழுதுதல் என்பது வளவுக்குள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது, இருப்பதை வெளியே எடுத்து எறிவது. 644 என்ற இலக்கம் சாதாரண கோப்புக்குச் சரியானது. கோப்புறைக்குக் கொடுத்தால் படலை பூட்டப்படுகிறது. நான் வீட்டு அடைவுக்கும் அதற்குள் இருந்த எல்லாக் கோப்புறைகளுக்கும் படலையைப் பூட்டிவிட்டேன்.

கோப்பு முகாமையாளர் ஏன் மூடிக்கொண்டது? அது தன் அமைப்புகளை வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் கோப்புறைகளில் வைத்திருக்கிறது. பெயரின் முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் அவை நம் கண்ணில் படுவதில்லை. தொடங்கும்போது அங்கே போக முடியாவிட்டால் அந்த மென்பொருளால் வேலை செய்ய முடியாது.

பழுதைத் தேடிய வழி

முதலில் கையை எடுத்தேன். கணினியை மறுதொடக்கம் செய்யவில்லை, திறந்திருந்த முனையச் சாளரத்தை மூடவுமில்லை. வீட்டு அடைவு பூட்டியிருக்கும் நிலையில் வெளியேறினால் மறுபடி உள்நுழைய முடியாமற் போகலாம்.

இரண்டாவதாக, கோப்பு முகாமையாளரைச் சின்னத்தை அழுத்தித் திறக்காமல், முனையத்தில் அதன் பெயரான 'நோட்டிலஸ்' என்பதைத் தட்டச்சு செய்து திறந்தேன். மௌனமாக மறையும் மென்பொருள்கள் பல, இப்படித் திறந்தால் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகும். தனக்குத் தேவையான ஒரு கோப்புறையை உருவாக்க முடியவில்லை, அதற்கு அனுமதி வேண்டும் என்று அது சொன்னது. கோப்புறையின் பெயரையும் சொன்னது. பழுதின் பாதி அந்த ஒரு வரியில் கிடைத்தது.

மூன்றாவதாக, விரிவான பட்டியலைக் கேட்டேன். கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. ஆனால் அளவும் திகதியும் இருக்கவேண்டிய இடங்களில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. வேலிக்கு மேலால் பார்க்கலாம், உள்ளே போக முடியாது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அதே பட்டியலை நிர்வாகி அதிகாரத்துடன் கேட்டேன். பெயர், அளவு, திகதி எல்லாம் சரியாக வந்தன. "ஒன்றும் போகவில்லை பிள்ளை, படலைதான் பூட்டியிருக்கிறது" என்று அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

நான்காவதாக, திருத்துவதற்கு முன் செயற்றிட்டக் கோப்புறை முழுவதையும் பென் டிரைவுக்குப் பிரதி செய்தேன். ஒரு பிழை விட்ட கை இன்னொன்றும் விடலாம்.

ஐந்தாவதாகத் திருத்தினேன். எல்லாவற்றுக்கும் 755 கொடுத்தால் கோப்புறைகள் திறக்கும், ஆனால் சாதாரண கடிதமும் படமும் கூட இயக்கத்தக்க கோப்புகளாகிவிடும். இதற்காகவே சிஎச்மொட் கட்டளையில் எழுத்தால் அனுமதி கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதில் சிறிய எக்ஸ் எல்லாவற்றுக்கும் இயக்கும் அனுமதி தரும். பெரிய எக்ஸ் கோப்புறைகளுக்கும், ஏற்கெனவே இயக்கத்தக்கதாக இருக்கும் கோப்புகளுக்கும் மட்டுமே தரும். உரிமையாளருக்கு வாசித்தல், எழுதுதல், பெரிய எக்ஸ். மற்றவர்களுக்கு வாசித்தல், பெரிய எக்ஸ் என்று கொடுத்தேன். இம்முறை பாதையை இரண்டு தரம் வாசித்த பிறகே விசையை அழுத்தினேன். கோப்பு முகாமையாளர் திறந்து அப்படியே நின்றது.

செய்யக் கூடாதவை

அவசரத்தில் பலர் 777 கொடுப்பார்கள். அது வேலியையே பிடுங்கிவிடுவது. அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் எதையும் மாற்றலாம். இன்னும் சிலர் கோப்பு முகாமையாளரையே நிர்வாகி அதிகாரத்துடன் திறப்பார்கள். அப்போது சில அமைப்புக் கோப்புகள் நிர்வாகியின் உடைமையாகிவிடக்கூடும். பிறகு சாதாரணமாகத் திறக்கும்போது அதே பழுது வேறு காரணத்தால் திரும்பி வரும். அப்படி உடைமை மாறியிருந்தால் சிஎச்மொட் உதவாது. உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' கட்டளை வேண்டும்.

பிழையின் வேர்

அன்றிரவு யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. நான் பாதையைச் சரியாக எழுதியிருந்தாலும் என் திட்டம் பலித்திருக்காது. கோப்பொன்றை அழிப்பது அந்தக் கோப்பின் அனுமதியில் தங்கியிருப்பதில்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதியும் இயக்கும் அனுமதியும் இருந்தால் போதும், வாசிக்க மட்டும் கூடிய கோப்பையும் அழிக்கலாம். அதோடு, எல்லாரும் ஒரே கணக்கில் இருந்தால் கணினிக்கு எல்லாரும் ஒரே ஆள்தான். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? மாணவர் கணக்குக்கு நிர்வாகி அதிகாரம் கொடுத்து வைத்திருந்ததும் என் பிழையே.

அடுத்த வாரம் ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கணக்கு உருவாக்கினேன். பொதுக் கோப்புறைக்கு 'ஸ்டிக்கி பிட்' என்ற அடையாளத்தை இட்டேன். அது இருந்தால் எல்லாரும் உள்ளே கோப்பு வைக்கலாம், ஆனால் ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிக்க முடியாது. லினக்ஸில் தற்காலிகக் கோப்புகளுக்கான பொதுக் கோப்புறை இவ்வாறே 1777 என்ற அனுமதியுடன் இருக்கிறது.

பெற்றோருக்கு

உங்கள் கையிலுள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசியும் லினக்ஸ் கருவின் மேல் அமைந்ததே. அதில் ஒவ்வொரு செயலியும் தனித்தனிப் பயனராக நடத்தப்படுவதால், ஒன்றின் உட்கோப்புகளை மற்றது தொட முடிவதில்லை. வீட்டுக் கணினியிலும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள். விண்டோஸிலும் அது முடியும். கணினி பழுதென்று கடைக்குக் கொண்டுபோனால், "முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துத் தாருங்கள், போர்மட் பிறகு" என்று சொல்லுங்கள். திறக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

மாணவிகளே, செய்து பாருங்கள்

பயிற்சிக்கென ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, தேவையற்ற இரண்டு கோப்புகளை உள்ளே வையுங்கள். கோப்புறைக்கு மட்டும் 644 கொடுத்து விரிவான பட்டியலைக் கேளுங்கள், கேள்விக்குறிகளைக் காண்பீர்கள். 755 கொடுத்து மீட்டெடுங்கள். பிறகு ஒரு கோப்புக்கு 444 கொடுத்து அழித்துப் பாருங்கள், போய்விடும். கோப்புறைக்கு 555 கொடுத்துவிட்டு மற்றதை அழித்துப் பாருங்கள், போகாது. ஏன் என்று உங்கள் சொந்த வசனத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அந்தத் தர்மபுரத்துப் பிள்ளை அன்று பின்னேரமே அம்மம்மாவின் குறிப்பை அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கணினியை நம்பாமல் கடதாசியில் கேட்டாளே என்று எனக்கு வருத்தமில்லை. பிரதி எடுக்க வேண்டும் என்ற பாடத்தை என்னைவிட அவள் விரைவாகப் படித்திருந்தாள்.